கோலாலம்பூர் மழைக்கு ஏற்ற வீட்டு நீச்சல் குளம்: கருவிகள் முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வீட்டுக் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரண்டையும் பெருக்கினால், ஆண்டுதோறும் 76,000 லிட்டருக்கு மேற்பட்ட மழைநீர் அந்தக் குளத்தில் விழுவது தெரியும். குளத்தின் முழுக் கொள்ளளவே 45,000 லிட்டர்தான். வெயிலில் ஆவியாகும்போது தூய நீர் மட்டுமே மேலே செல்கிறது. மழையில் நிரம்பி வழியும்போதோ, நாம் பணம் கொடுத்து வாங்கிக் கரைத்த உப்புகளும் அதனுடன் சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடுகின்றன.

நீச்சல் குளப் பராமரிப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள நாடுகளையும் கடின நீர் வரும் ஊர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் காப்பதும், குளிர்காலத்தில் குளத்தை மூடி வைப்பதும் அவற்றில் பெரிய இடம் பிடிக்கும். நம் குழாய் நீர் மென்னீர். மழைநீர் அதைவிட மென்மையானது. குளத்து நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 31 பாகை வரை வெதுவெதுப்பாக இருப்பதால் பாசிக்கு ஓய்வே இல்லை. செராஸில் உள்ள எங்கள் வீட்டுக் குளத்தை முதல் சில ஆண்டுகள் அந்தக் குறிப்புகளின்படியே நடத்தினேன். சுண்ணாம்பு படியுமோ என்று அஞ்சிக் கால்சியத்தைத் தொடவே இல்லை. ஒருநாள் படிக்கட்டு ஓரத்தில் விரலால் தேய்த்தபோது, மொசைக் கற்களுக்கு இடையில் இருந்த சாந்து மாவாக உதிர்ந்து கையோடு வந்தது. கால்சியப் பசி கொண்ட நீர் சிமெண்டைத் தின்று தன் பசியைத் தீர்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டி கிளோரினுக்கு முன்னால் நீரின் சமநிலையையும், அதற்கும் முன்னால் நீரோட்டத்தையும் வைத்துப் பேசுகிறது.

முதல் படி: கொள்ளளவைக் கணக்கிடுதல்

நீளத்தையும் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் மீட்டரில் பெருக்கி, வரும் விடையை 1,000 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆழம் ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.6 மீட்டர் என்றால் சராசரி 1.4. எங்கள் குளத்துக்கு 8 × 4 × 1.4 என்று 44.8 கனமீட்டர் வருகிறது. அதை 45,000 லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணைப் பம்பு அறைச் சுவரில் அழியாத மையில் எழுதி வையுங்கள். ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். எனவே இந்த அளவுள்ள குளத்தில் எதையும் ஒரு பி.பி.எம். உயர்த்த 45 கிராம் தூய பொருள் வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் 45,000 லிட்டருக்கானவை. உங்கள் குளம் 30,000 லிட்டர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பம்பும் வடிகட்டியும்

பெரிய பம்பு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எங்கள் குளத்தைக் கட்டியவரும் 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் வடிகட்டிக்கு, மணிக்கு 18 கனமீட்டர் தள்ளும் பம்பைப் பொருத்திக் கொடுத்தார். அந்த வடிகட்டியின் மணல் பரப்பு 0.196 சதுர மீட்டர். 18 ஐ 0.196 ஆல் வகுத்தால், நீர் மணிக்கு 90 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மணலைத் துளைத்துச் செல்கிறது. மணல் வடிகட்டிக்கு மணிக்கு 50 மீட்டரே உச்சம். 30 மீட்டருக்குள் இருந்தால்தான் நுண்ணிய தூசி மணலில் தங்கும். வேகம் மிகுந்தால் தூசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் குளத்துக்கே திரும்பிவிடும். எவ்வளவு மருந்து போட்டும் எங்கள் குளத்து நீர் மங்கலாகவே இருந்ததற்குக் காரணம் மருந்தல்ல என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

சரியான கணக்கு இதுதான். வீட்டுக் குளத்தின் முழு நீரும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க வேண்டும். 45 கனமீட்டரை ஆறால் வகுத்தால் மணிக்கு 7.5 கனமீட்டர். 600 மில்லிமீட்டர் வடிகட்டியின் பரப்பு 0.283 சதுர மீட்டர். அதில் இந்த ஓட்டம் மணிக்கு 27 மீட்டர் வேகத்தைத் தருகிறது. இணைப்புக் குழாய் 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறுகிய குழாயில் பம்பு இழுத்து இழுத்துத் தேய்ந்துபோகும். வடிகட்டியைப் பெரிதாகவும் பம்பை அளவாகவும் வாங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

பணம் இடம் கொடுத்தால், வேகத்தை மாற்றக்கூடிய பம்பை வாங்குவது நல்லது. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நீரோட்டமும் பாதியாகும். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும், அதே அளவு நீரைக் கடத்த நாலில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. நடைமுறையில் மிச்சம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும், மாதாந்திர மின்கட்டணத்தில் நன்றாகவே தெரியும். 0.75 கிலோவாட் பம்பு நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 180 யூனிட் ஆகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றொரு நன்மையும் உண்டு. வடிகட்டும்போது மெதுவாக ஓட வேண்டிய நீர், மணலைக் கழுவும்போது விரைவாக ஓட வேண்டும். 600 மில்லிமீட்டர் வடிகட்டியில் மணலைக் கிளறிக் கழுவ மணிக்கு 11 கனமீட்டருக்குக் குறையாத ஓட்டம் தேவை. ஒரே வேகப் பம்பால் இவ்விரண்டையும் ஒருசேரச் சரியாகச் செய்ய இயலாது.

மணலைக் கழுவுவதைப் பேக்வாஷ் என்கிறோம். புதிதாகக் கழுவிய வடிகட்டியின் அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) கூடியதும் கழுவுங்கள். வாரந்தோறும் கட்டாயமாகக் கழுவ வேண்டியதில்லை. சற்று அழுக்கேறிய மணல் புது மணலைவிட நன்றாக வடிகட்டும். செய்முறை எளிது: பம்பை நிறுத்தி, வடிகட்டியின் மேலுள்ள ஆறு நிலை வால்வின் கைப்பிடியை அழுத்திப் பேக்வாஷ் நிலைக்குத் திருப்பி, பம்பை ஓட்டிக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மீண்டும் பம்பை நிறுத்தி, அலசும் நிலைக்கு மாற்றி அரை நிமிடம் ஓட்டி, மறுபடியும் நிறுத்தி, வடிகட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கைப்பிடியை ஒருபோதும் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து, வால்வே வீணாகும். அலசும் நிலையைத் தவிர்த்தால், கழுவிய அழுக்கில் ஒரு பகுதி குளத்துக்கே திரும்பும். மணலை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள சிலிக்கா மணலே வேண்டும், கட்டுமான மணல் ஆகாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். குளத்தருகில் முருங்கை மரம் இருந்தால், அதன் சிற்றிலைகள், மேற்பரப்பு நீரை இழுத்துக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையின் துளைகள் வழியே நழுவிப் பம்பின் முன்கூடையை அடைத்துவிடும். பழைய நைலான் காலுறை ஒன்றைக் கூடையின் மேல் மாட்டிவிட்டால் இலையும் பூவும் அதிலேயே நின்றுவிடும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உயிர்காக்கும் ஏற்பாடுகள்

இவை செலவுக் கணக்குப் பார்க்கும் இடங்கள் அல்ல. குளத்தின் மின்இணைப்பை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் மட்டுமே செய்ய வேண்டும். பம்பு, விளக்கு, உப்புநீர்க் கருவி அனைத்தும் மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் சாதனத்தின் வழியாகவே இணைக்கப்பட வேண்டும். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்கவில்லை என்றால் அன்று யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. நீருக்குள் இருக்கும் விளக்கு, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டில் எரிய வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் குளத்து நீரை நெருங்கவே கூடாது.

குளத்தின் அடியில் உள்ள உறிஞ்சு வாய் இரண்டாக, ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருக்க வேண்டும். இரண்டின் மீதும் மேல் குவிந்த பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். ஒரே வாயும் தட்டையான மூடியும் இருந்தால், குழந்தையின் உடலோ கூந்தலோ அதை அடைக்கும்போது பம்பின் முழு இழுவிசையும் அங்கேயே சேரும். வளர்ந்தவர் இழுத்தாலும் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டு இதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நீண்ட பின்னலோடு வரும் பெண் குழந்தைகளுக்குக் கூந்தலைக் கொண்டையாகக் கட்டிவிட்டு, நீச்சல் தொப்பி அணிவித்து இறக்குங்கள். மூடி உடைந்திருந்தால் அதை மாற்றும் வரை குளம் மூடியிருக்கட்டும்.

வேலி 1.2 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு தானாகவே சாத்திக்கொண்டு தானாகவே தாழிட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரை வேலியின் நான்காம் பக்கமாகக் கொள்வது நம் ஊர் வழக்கம். சமையலறைக் கதவு குளத்தை நோக்கித் திறக்கும் வீட்டில் அந்த வேலியால் பயனில்லை. இடி கேட்டால் உடனே எல்லாரும் வெளியேற வேண்டும். கடைசி இடி ஓசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேர மின்னல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள், ஏணி, கைப்பிடி ஆகியவற்றுக்கு 316 தரத் துருப்பிடிக்கா எஃகையே கேளுங்கள். 304 தரம் உப்புக் காற்றில் விரைவில் புள்ளி விழும்.

நான்காம் படி: நீரின் சமநிலை

சோதனைப் பெட்டி இல்லாமல் குளத்துக்கு மருந்து போடுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. காகிதக் கீற்றுகள் நம் ஈரப்பதத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான துளி மருந்து மொத்தக் கிளோரினை மட்டுமே காட்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகையை வாங்குங்கள். அது தனிக் கிளோரினையும், அழுக்கோடு பிணைந்துபோன கிளோரினையும் பிரித்துக் காட்டும். ஒரு முன்னெச்சரிக்கை: கிளோரின் 10 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்து, கிளோரின் இல்லாததுபோல் தோன்றும். ஐயம் வந்தால் குழாய் நீரைச் சமபங்கு கலந்து மீண்டும் சோதித்து, விடையை இரட்டித்துக்கொள்ளுங்கள். நீரை மேற்பரப்பிலிருந்து எடுக்காமல் முழங்கை ஆழத்திலிருந்து எடுங்கள்.

முதலில் காரத்தன்மையைச் சரிசெய்ய வேண்டும். நீர் எவ்வளவு அமிலமானது என்பதைக் காட்டும் எண்ணான பி.எச். அளவு தாவிக் குதிக்காமல் பிடித்து வைக்கும் நங்கூரம் இது. 80 முதல் 120 பி.பி.எம். வரை இருக்கலாம். இதை உயர்த்தப் பயன்படுவது நம் சமையலறையில் ஆப்ப மாவுக்குப் போடும் அதே சோடாதான், 10 பி.பி.எம். உயர்த்த 760 கிராம் வேண்டும். பெரும் மழைக்குப் பின் காரத்தன்மைதான் முதலில் சரியும்.

அடுத்தது பி.எச். அது 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு வாளி நீரில் கலந்து, பம்பு ஓடும்போது ஆழமான பக்கத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு 250 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம், நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்த பிறகே அடுத்தது. எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. புதிதாகச் சிமெண்டு பூசிய குளத்தில் முதல் சில வாரங்கள் பி.எச். உயர்ந்துகொண்டே இருக்கும், அது இயல்பானது.

மூன்றாவது கால்சியக் கடினத்தன்மை. நம் ஊரில் பெரும்பாலோர் கைவிட்டுவிடும் அளவு இதுவே. மொசைக் அல்லது சிமெண்டுக் குளத்துக்கு 200 முதல் 400 வரை வேண்டும். கடையில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு செதில்களில், ஈரம் கலந்த வகை என்றால் 660 கிராம் போட்டால் 10 பி.பி.எம். உயரும். செதில் கரையும்போது வாளி சூடாகும், கையுறை அணியுங்கள். ஃபைபர் குளம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை, 100 முதல் 150 போதும்.

இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை லாங்லியர் என்ற வேதியியலர் 1936 இல் ஒரு கணக்காக வகுத்துக் கொடுத்தார். பி.எச்., வெப்பநிலைக்கான எண், கால்சியத்துக்கான எண், காரத்தன்மைக்கான எண் ஆகியவற்றைக் கூட்டி 12.1 ஐக் கழிக்க வேண்டும். விடை சுழி என்றால் நீர் நிறைவோடு இருக்கிறது. கூட்டல் என்றால் சுண்ணாம்பைப் படிய விடும். கழித்தல் என்றால் சிமெண்டைத் தின்னும். 30 பாகை நீருக்கு வெப்ப எண் 0.7. கால்சியம் 200 க்கு 1.9, காரத்தன்மை 100 க்கு 2.0. பி.எச். 7.5 ஆக இருந்தால், 7.5 + 0.7 + 1.9 + 2.0 - 12.1 என்பது சுழி. இனி, கால்சியம் 50 ஆகவும் காரத்தன்மை 40 ஆகவும் பி.எச். 7.2 ஆகவும் விடப்பட்ட குளத்தைப் பாருங்கள்: 7.2 + 0.7 + 1.3 + 1.6 - 12.1 என்று கழித்தல் 1.3 வருகிறது. என் குளத்தின் சாந்து உதிர்ந்தபோது நீர் கண்ணுக்குப் பளிங்காகவே இருந்தது. இந்தக் கணக்கு மட்டுமே உண்மையைச் சொல்லியிருக்கும்.

நான்காவதாக ஸ்டெபிலைசர் என்று விற்கப்படும் சயனூரிக் அமிலம். இது கிளோரினுக்குக் குடை. இது இல்லாத நீரில், நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிளோரினின் பெரும்பகுதியை அழித்துவிடும். 30 முதல் 50 பி.பி.எம். போதும், வெறும் நீருக்கு 30 வேண்டுமானால் 1.35 கிலோ. மெதுவாகக் கரையும் பொருள் இது. காலுறையில் கட்டி, நீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு, முழுவதும் கரையும் வரை சில நாள் பேக்வாஷ் செய்யாமல் இருங்கள்.

ஐந்தாம் படி: கிளோரினைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது மிதவையில் போடும் பெரிய வில்லைகளாகவே இருக்கும். எளிமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த டிரைகுளோர் வில்லைகள், கிளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுகின்றன, 10 பி.பி.எம். கிளோரினுக்கு 6 பி.பி.எம். வீதம். நம் வெயிலில் நாளுக்கு 2 பி.பி.எம். கிளோரின் செலவாகும் என்று கொண்டால், மாதத்துக்கு 36 பி.பி.எம். ஸ்டெபிலைசர் ஏறுகிறது. மழை சிறிது கழுவிவிட்டாலும், சில மாதங்களில் அளவு 100 ஐத் தாண்டும். குடை அப்போது போர்வையாகிவிடும்: சோதனையில் கிளோரின் 3 என்று காட்டும், ஆனால் பாசி கவலையின்றி வளரும். ஸ்டெபிலைசர் அளவில் குறைந்தது 7.5 விழுக்காடு தனிக் கிளோரின் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 40 க்கு 3 போதும், 120 க்கு 9 தேவை. மேலும் அந்த வில்லை அமிலத்தன்மை உடையது. ஏற்கெனவே மெலிந்த நம் நீரின் காரத்தன்மையையும் பி.எச். அளவையும் மேலும் கீழே இழுக்கும்.

ஆகவே கோலாலம்பூர், பினாங்கு இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட் மணிகளை. இதனால் சுண்ணாம்பு படியும் என்று கடின நீர் நாடுகளில் தயங்குவார்கள். நமக்கு அது குறையல்ல, கொடை: ஒவ்வொரு 10 பி.பி.எம். கிளோரினோடும் 7 பி.பி.எம். கால்சியம் இலவசமாக வருகிறது, ஸ்டெபிலைசர் ஏறுவதில்லை. 65 விழுக்காட்டு மணிகளில் 70 கிராம், ஒரு பி.பி.எம். உயர்த்தும். நாள்தோறும் மாலையில் வெயில் தாழ்ந்த பின் ஏறத்தாழ 140 கிராமை ஒரு வாளி நீரில் கரைத்து, அடியில் தங்கும் வெண்கசடு மொசைக்கில் விழாதபடி, நீர் திரும்பும் வாய்களுக்கு முன்னால் ஊற்றுங்கள். வில்லைகளை ஊருக்குப் போகும் ஓரிரு வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உப்புநீர்க் கருவியும் கிளோரின் கருவிதான்; உப்பிலிருந்து மின்சாரத்தால் கிளோரினை உருவாக்குகிறது. லிட்டருக்கு 3.5 கிராம் வேண்டுமென்றால், 25 கிலோ மூட்டைகள் ஆறும் இன்னும் கொஞ்சமும் ஆகும். நாள்தோறும் வாளி தூக்க முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. பி.எச். மெல்ல உயர்ந்துகொண்டே போகும் என்பதையும், மழை உப்பையும் வழித்துச் செல்லும் என்பதையும், மின்னலில் அதன் மின்னணுப் பலகை எரிந்துபோகாமல் காக்கும் சாதனம் தேவை என்பதையும் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். ஹைப்போகுளோரைட் மணிகளும் டிரைகுளோர் வில்லைகளும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றொன்றில் இடக் கூடாது; ஒன்றைப் போட்ட மிதவையில் மற்றொன்றைப் போடக் கூடாது. கிளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு எழும். இரண்டையும் ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக வைக்காதீர்கள். மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் குப்பிகளுக்குப் பக்கத்தில், பூசைக்குரிய கற்பூரமும் விளக்கெண்ணெயும் இருக்கும் அறையில் கிளோரினை வைக்கவே வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள, பூட்டக்கூடிய, உலர்ந்த இடம் வேண்டும். பினாங்கின் ஆயர் ஈத்தாம் மலையடிவாரம் போல் குரங்குகள் வரும் பகுதிகளில் பூட்டு இன்னும் அவசியம்.

ஆறாம் படி: வார வேலைகளும் மழைநாள் வேலைகளும்

காலையில் இலைகளை வலையால் அள்ளி, கூடையைக் காலி செய்து, நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வாரம் இருமுறை கிளோரினையும் பி.எச். அளவையும், இரு வாரத்துக்கு ஒருமுறை காரத்தன்மையையும், மாதம் ஒருமுறை கால்சியத்தையும் ஸ்டெபிலைசரையும் சோதித்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை சுவர், படிக்கட்டு, மூலைகள் எல்லாவற்றையும் நைலான் தூரிகையால் தேயுங்கள். பாசி முதலில் பிடிப்பது நீரோட்டம் எட்டாத இடங்களில், குறிப்பாக ஏணிக்குப் பின்னால். பம்பை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள்.

கனமழை ஓய்ந்ததும் வழிந்தோடும் வாயைச் சரிபார்த்து, காரத்தன்மையையும் கிளோரினையும் சோதித்துச் சரிசெய்து, அன்றிரவு முழுவதும் பம்பை ஓட விடுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரலும், அக்டோபர், நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்.

தீபாவளி இந்தக் காலத்திலேயே வருகிறது என்பதால் அதைத் தனியாகவே சொல்ல வேண்டும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள், உறவுக்காரப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மதியம் குளத்தில் குதிப்பார்கள். சீயக்காய் தேய்த்தும் முழுவதும் போகாத நல்லெண்ணெய், நீர்மட்டக் கோட்டில் மஞ்சள் பிசுக்காகப் படியும். கிளோரின் அதனோடு போராடியே தீர்ந்துவிடும். குளத்தருகில் ஒரு ஷவர் வைத்து, சோப்புப் போட்டுக் குளித்தபின்பே இறங்க வேண்டும் என்று அன்பாகக் கண்டிப்புக் காட்டுங்கள். முந்தின நாள் கிளோரினை 4 ஆக உயர்த்தி வையுங்கள். அன்று மாலை மீண்டும் சோதியுங்கள். கண் எரிச்சலும் கிளோரின் வாடையும் வந்தால் கிளோரின் மிகுதி என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது: வியர்வையோடும் சிறுநீரோடும் பிணைந்துபோன கிளோரினின் வாடை அது, அதை உடைக்க இன்னும் கிளோரின் தேவை.

நீர் பச்சையானால்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பம்பு நின்றுபோய்க் குளம் பச்சையாகி இருப்பது பலருக்கும் நேர்வதே. நீரைக் கொட்டிவிட வேண்டாம். முதலில் இலைகளையும் கசடையும் அள்ளுங்கள். பி.எச். அளவை 7.2 க்குக் கொண்டு வாருங்கள். ஸ்டெபிலைசரைச் சோதித்து, அதன் அளவில் 40 விழுக்காடு வரை கிளோரினை உயர்த்துங்கள். ஸ்டெபிலைசர் 40 என்றால் கிளோரின் 16, அதாவது ஏறத்தாழ 1.1 கிலோ ஹைப்போகுளோரைட் மணிகள், நான்கைந்து வாளிகளில் பிரித்துக் கரைத்து. பம்பு இரவும் பகலும் ஓடட்டும். நாளுக்கு இருமுறை சுவரைத் தேய்த்து, கிளோரின் குறைந்த அளவுக்கு மீண்டும் சேருங்கள். அழுத்தமானி உயரும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள். பச்சை வெளிர்நீலமாகி, பிறகு மங்கலாகி, பிறகு தெளியும். மாலையில் சோதித்த கிளோரின் மறுநாள் விடியலில் 1 பி.பி.எம்.முக்கு மேல் குறையாமல் இருந்தால்தான் பாசி மாண்டது என்று பொருள். ஒரே இரவில் தெளியும் என்று விற்கப்படும் செம்பு கலந்த மருந்துகளை நான் விலக்குகிறேன். வெளிர் நிற மொசைக்கில் அவை விடும் நீலப்பச்சைக் கறையைப் போக்குவது, பாசியைப் போக்குவதைவிடக் கடினம்.

ஏடிஸ் கொசு, நிலத்தடி நீர், கசிவு

கிளோரின் உள்ள, ஓடும் குளத்து நீரில் ஏடிஸ் முட்டையிட்டு வளர்வது அரிது. ஆபத்து சுற்றுப்புறத்தில் இருக்கிறது: மழைநீர் தேங்கிய மூடு துணி, பம்புக் குழி, வழிந்தோடும் வாய்க்கால், வழியும் நீரைச் சேர்த்து வைக்கும் சமநிலைத் தொட்டி, கவிழ்க்காத வாளி. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாளே போதும் என்பதால், வாரம் ஒருமுறை இவற்றைச் சுற்றிப் பார்ப்பது டிங்கிக் காய்ச்சலிலிருந்து அண்டை வீட்டையும் காக்கும். வீட்டில் கொசு இனப்பெருக்கத்துக்கு இடமளிப்பது 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

குளத்தை முழுவதும் காலி செய்ய யாரேனும் முன்வந்தால், முதலில் நிலத்தடி நீரைப் பற்றிக் கேளுங்கள். தொடர்மழைக்குப் பின் மண்ணில் ஊறிய நீர், காலியான தொட்டியைப் படகைப்போல் மேலே தூக்கிவிடும். குழாய்கள் முறியும், தரை பிளக்கும். பினாங்கில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலப்பகுதிகளில் இந்த ஆபத்து மிகுதி. ஸ்டெபிலைசரைக் குறைக்க வேண்டுமானால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியேற்றி நிரப்புவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். வெளியேற்றும் முன் சில நாள் கிளோரின் போடாமல் விட்டு, அளவு தணிந்த பிறகே விடுங்கள். நம் வாய்க்கால்கள் எல்லாம் ஆற்றில்தான் போய்ச் சேர்கின்றன. குழாய் நீர் தடைபடும் நாள்களில் குளத்து நீரைக் கழிப்பறைக்கு ஊற்றிக்கொள்ளலாம். குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.

நீர்மட்டம் காரணமின்றி இறங்கினால் வாளிச் சோதனை செய்யுங்கள். மழையில்லாத ஒரு நாள் வேண்டும். பினாங்கில் தைப்பூசத்தை ஒட்டிய சனவரி, பிப்ரவரி வறண்ட வாரங்கள் இதற்கு ஏற்றவை. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, படிக்கட்டின் மேல் வைத்து, உள்நீர் மட்டமும் வெளிநீர் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி செய்து, இரண்டிலும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் யாரும் இறங்காமல் இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. முதல் நாள் பம்பை ஓட விட்டும் மறுநாள் நிறுத்தியும் செய்து பாருங்கள்: பம்பு ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் நீரைத் திருப்பித் தள்ளும் குழாயிலும், இரண்டு நாளும் சமமாக இறங்கினால் தொட்டியின் சுவரிலோ விளக்குக் குழியின் ஓரத்திலோ தேட வேண்டும்.